ஸ்பினோசாவை ஏன் ஒதுக்கிவைத்தார்கள்?

பாருக் ஸ்பினோசாவை அவருடைய சமூகம் ஒதுக்கிவைத்தபோது அவருக்கு வயது 23. அதுவரை அவர் எழுதிய ஒரு வரிகூட அச்சேறியிருக்கவில்லை. விவிலியத்தை மனிதர் கையால் உருவான பழைய நூலாக வைத்து ஆராய்ந்த ‘இறையியல்-அரசியல் ஆய்வுரை’ வர இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. கடவுளும் இயற்கையும் வேறல்ல என்பதை வடிவகணித முறையில் நிறுவ முனைந்த ‘அறவியல்’, அவர் இறந்த 1677இல்தான் வெளிவந்தது. ஆகவே அந்த நூல்களைக் காட்டி, இதற்காகத்தான் விலக்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் 1656 ஜூலையில், உலர்பழமும் ஆலிவ் எண்ணெயும் இறக்குமதி செய்த குடும்பத்தின் இளம் வணிகர் ஒருவர் அப்படி என்னதான் செய்துவிட்டார்?

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வாழ்க்கை வரலாறுகளைப் படித்தவர்கள் ஒரு விடை சொன்னார்கள். ஸ்பெயினின் மத விசாரணைக் கோப்புகளைத் திறந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். ஆம்ஸ்டர்டாம் நோட்டரிகளின் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள். இந்த விடைகள் ஒன்றையொன்று மறுப்பதாகவே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. உண்மையில் அவை எல்லாமே ஒரே கேள்விக்கான விடைகள்தாமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தீர்மானம் சொல்வதும் சொல்லாததும்

கையில் இருக்கும் முதன்மைச் சான்று ஒன்றுதான். ஆம்ஸ்டர்டாமின் போர்த்துக்கீசிய யூதர்களுடைய ‘தல்மூத் தோரா’ சபையின் தீர்மானப் புத்தகத்தில், போர்த்துக்கீசிய மொழியில் எழுதப்பட்ட பதிவு அது. தேதி 1656 ஜூலை 27. ‘ஹேரெம்’ எனப்படும் இந்த விலக்கைப் பிறப்பித்தது ரபிகள் அல்ல. சபையின் வரவுசெலவையும் ஒழுங்கையும் பார்த்துவந்த ‘மஅமாத்’ என்ற நிர்வாகக் குழு. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வணிகர்கள். ஸ்பினோசாவின் தந்தை மிகேலும் ஒரு காலத்தில் அந்தக் குழுவில் இருந்தவர்தான். மதகுருமார் கூடி ஒரு மேதையைத் துரத்தினார்கள் என்று சுருக்கிச் சொல்பவர்கள் இந்த விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.

தீர்மானத்தின் முற்பகுதி காரணம் கூறுகிறது, அல்லது கூறுவதாகத் தோற்றம் தருகிறது. அவருடைய தீய கருத்துகளும் செயல்களும் நெடுநாளாகத் தங்களுக்குத் தெரியும். பல வழிகளாலும் வாக்குறுதிகளாலும் திருத்தப் பார்த்தும் பலனில்லை. அவர் கடைப்பிடித்தும் கற்பித்தும் வந்த கொடிய மதத்திரிபுகள் பற்றி நாளுக்கு நாள் செய்தி வருகிறது. நம்பத்தகுந்த சாட்சிகள் அவர் முன்னிலையிலேயே இவற்றை உறுதிசெய்தார்கள். இவ்வளவுதான். எந்தத் திரிபு, எந்தச் செயல், சாட்சி யார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

பிற்பகுதியில் அந்தச் சிக்கனம் கிடையாது. யோசுவா எரிகோ நகருக்கு இட்ட சாபம், எலிசா சிறுவர்களுக்கு இட்ட சாபம், திருச்சட்ட நூலில் உள்ள அத்தனை சாபங்கள் என்று அடுக்கப்படுகின்றன. யாரும் அவரோடு பேசக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது, உதவி செய்யக்கூடாது, ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதிய எதையும் படிக்கக்கூடாது.

எதையுமே வெளியிடாதவருக்குக் கடைசி விதி எதற்கு? அப்போதே அவருடைய கைப்பிரதிகள் சிலர் கையில் இருந்திருக்கலாம் என்று இதிலிருந்து ஊகிப்பவர்கள் உண்டு. ஆனால் சாப வாசகத்தின் பெரும்பகுதி அவருக்கென்று இயற்றப்பட்டதல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே வெனிஸ் வழியாக வந்து சபையின் கைவசம் இருந்த பழைய வாய்பாட்டைத் தழுவியது. வாய்பாட்டின் ஒவ்வொரு சொல்லிலும் ஸ்பினோசாவின் குற்றத்தைத் தேடுவது பலன் தராது. இருந்த வாசகங்களில் இத்தனை கடுமையான ஒன்றை அவருக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பதே பொருத்தமாகப் படுகிறது.

தியாகியின் கதை

மிகப் பழைய விடை வாழ்க்கை வரலாறுகளிலிருந்து வருகிறது. ஸ்பினோசாவின் அபிமானியான லூக்காஸ் எழுதியதாகக் கருதப்படும் வரலாற்றில் இரண்டு இளைஞர்கள் நண்பர்களைப் போல வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். கடவுளுக்கு உடல் உண்டா, தேவதூதர்கள் உண்டா, ஆன்மா அழியாததா என்று கேட்கிறார்கள். கடவுளுக்கு உடல் இல்லை என்பதற்கோ ஆன்மா அழியாதது என்பதற்கோ விவிலியத்தில் சான்று ஏதும் இல்லை என்கிறார் அவர். இளைஞர்கள் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். அவருடைய ஆசிரியரான ரபி மொர்டேரா கொதித்தெழுகிறார். ஹேகில் லூத்தரன் போதகராக இருந்த கொலேருஸ் 1705இல் எழுதிய வரலாற்றில், வாயை மூடிக்கொண்டு அவ்வப்போது தொழுகைக்கு வந்துபோனால் ஆண்டுக்கு 1,000 கில்டர் தருவதாகச் சபை ஆசை காட்டியது என்ற செய்தி வருகிறது.

படிக்கச் சுவையான கதைகள்தாம். ஆனால் ஒன்றோடொன்று ஒத்துவராதவை. ஒரு யூதர் அவரைக் கத்தியால் குத்த முயன்றதை எடுத்துக்கொள்வோம். பியேர் பேல் 1697இல் வெளியிட்ட அகராதியில் அது நாடகக் கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது நடக்கிறது. கொலேருஸோ, ஸ்பினோசா குடியிருந்த வீட்டுக்காரர் சொன்னதாக, தொழுகைக்கூடத்திலிருந்து வரும்போது என்று திருத்துகிறார். லூக்காஸ் பக்தர், பேலுக்கும் கொலேருஸுக்கும் ஸ்பினோசாவின் கொள்கையே ஆகாது. மூவருமே புகழ்பெற்றுவிட்ட தத்துவவாதியின் இளமையைப் பின்னோக்கிப் பார்த்து எழுதுகிறார்கள். ஆனாலும் இவர்களை முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. திருத்துவதற்காக வாக்குறுதி கொடுத்தோம் என்று தீர்மானமே சொல்வதால், 1,000 கில்டர் கதையில் தொகை கட்டியதாக இருந்தாலும் ஏதோ ஒரு சமரசப் பேச்சு நடந்திருக்கலாம்.

கெடுத்தவர் யார்?

இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களில் ஒரு சாரார் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். மொர்டேராவிடம் படித்த பையனுக்கு இந்த எண்ணங்கள் எங்கிருந்து வந்தன? முன்னாள் யேசு சபைத் துறவியும் லத்தீன் ஆசிரியருமான பிரான்சிஸ் வான் டென் என்டன் ஒரு சந்தேக நபர். ஆதாமுக்கு முன்பே மனிதர் இருந்தனர் என்று 1655இல் ஆம்ஸ்டர்டாமில் நூல் அச்சிட்ட லா பெய்ரேர் இன்னொருவர். அந்த நூல் ஸ்பினோசாவின் நூலகத்தில் இருந்தது. மூன்றாமவர்தான் முக்கியமானவர். ஸ்பெயினிலிருந்து வந்து சேர்ந்த மருத்துவர் ஹுவான் தே பிராடோ.

பிராடோ பக்கம் கவனத்தைத் திருப்பியது ஒரு கண்டெடுப்பு. ஆம்ஸ்டர்டாமில் சில மாதங்கள் தங்கியிருந்த தோமாஸ் சொலானோ என்ற அகுஸ்தீனியத் துறவியும் பெரெஸ் தே மல்த்ரனில்யா என்ற படைத்தலைவரும் 1659 ஆகஸ்டில் மாட்ரிட் மத விசாரணை மன்றத்தில் வாக்குமூலம் கொடுத்திருந்தனர். அதை ரேவா என்ற வரலாற்றாசிரியர் தேடியெடுத்து 1959இல் வெளியிட்டார். பிராடோவும் ஸ்பினோசாவும் யூதச் சபையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். மோசேயின் சட்டம் உண்மையல்ல என்றும், ஆன்மா உடலோடு சாகிறது என்றும், கடவுள் இருப்பது தத்துவ அளவில் மட்டுமே என்றும் முடிவுக்கு வந்தவர்கள். துறவியின் சாட்சியம் இப்படிப் போகிறது. தீர்மானம் மறைத்த மூன்று கருத்துகள் இங்கே பெயரோடு நிற்கின்றன.

இது பெரிய சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் சாட்சிகள் அவரைச் சந்தித்தது விலக்குக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. ஒதுக்கப்பட்டபின் ஒருவர் பேசுவதும், ஒதுக்கப்படுவதற்கு முன் பேசியதும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வான் டென் என்டனிடம் அவர் எப்போது படிக்கச் சேர்ந்தார் என்பதிலும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது; விலக்குக்குப் பிறகுதான் என்றால் அந்தச் சந்தேகமே அடிபட்டுப்போகும். தவிர, கெடுத்தவரைத் தேடும் இந்த முறையே, 23 வயதில் ஒருவர் தானாக யோசித்திருக்க மாட்டார் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. தர்க்கத்தையே மூலதனமாகக் கொண்ட ஒருவரைப் பற்றி அப்படி நினைப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கடன் கணக்கு

1990களில் ஒடெட் ஃப்ளெசிங் என்ற ஆவணக் காப்பக ஆய்வாளர் முன்வைத்த விடை, தத்துவவாதிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் காட்டிய ஸ்பினோசா, கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர்.

1654இல் மிகேல் இறந்தபோது சொத்தோடு சுமையையும் விட்டுச்சென்றார். பாருக்கும் தம்பி கப்ரியேலும் கடையை ஏற்று நடத்தினார்கள். அன்றாட வியாபாரம் எப்படி இருந்தது என்பதற்கு 1655ஆம் ஆண்டின் நோட்டரி பதிவு ஒன்று போதும். அல்வாரஸ் என்ற நகை வணிகச் சகோதரர்களில் ஒருவர் 500 கில்டர் பாக்கி வைத்திருக்கிறார். பலமுறை கேட்டும் தராததால் ஸ்பினோசா அவரைக் கைது செய்யவைக்கிறார். அதையொட்டி நடந்த வாய்ச்சண்டையில் அல்வாரஸின் சகோதரர் ஸ்பினோசாவின் தலையில் குத்த, தொப்பி விழுகிறது. அதை எடுத்துச் சாக்கடையில் எறிந்து மிதிக்கிறார். சாபத் தீர்மானத்தைவிட இந்த ஒரு பக்கம் அந்த இளைஞரை நமக்கு அருகே கொண்டுவருகிறது.

முடிவான நடவடிக்கை 1656 மார்ச்சில் வந்தது. டச்சுச் சட்டப்படி 25 வயது நிறையாதவர் சிறார். ஸ்பினோசா நகர அதிகாரிகளிடம் போய், பெற்றோரை இழந்த சிறாராகத் தம்மை ஏற்று ஒரு காப்பாளரை நியமிக்கச் செய்தார். இதனால் தந்தையின் கடன் பொறுப்பிலிருந்து விடுபடவும், தம் சிறுவயதிலேயே இறந்துபோன தாயின் சொத்துக்கு உரியவர் என்ற முறையில் தந்தைக்குக் கடன் கொடுத்த மற்றவர்களுக்கு முன்னால் நிற்கவும் வழி கிடைத்தது. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் உறுப்பினர்கள் தங்கள் வழக்குகளை முதலில் சபைக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சபையின் விதி. கடன் கொடுத்தவர்களில் சபையாரும் இருந்திருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு. வாக்குநாணயத்தை நம்பித் தொழில் செய்த குடியேறிகளுக்கு, தங்கள் பையன் ஒருவன் ஊர்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடனிலிருந்து நழுவுவது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசிக்கலாம். சபைக்கு அவர் செலுத்திவந்த தொகையும் அந்த மாதங்களில் தேய்ந்து ஏறக்குறைய நின்றுபோகிறது.

மார்ச்சில் வழக்கு, ஜூலையில் விலக்கு. இந்த நெருக்கம் தற்செயலாகத் தெரியவில்லை. ஃப்ளெசிங்கின் வாதத்தின் பலமும் இதுதான். பலவீனம் தீர்மானத்தின் சொற்களிலேயே இருக்கிறது. அது திரிபைக் கற்பித்தார் என்கிறது. கடனைக் கற்பிக்க முடியாது. தீய செயல்கள் என்ற தொடரில் வழக்கு அடங்கியிருக்கலாம். ஆனாலும் பணக்குற்றத்துக்கு அபராதம் வாங்கிக்கொண்டு விலக்கை நீக்குவதே வழக்கமாக இருந்த சபையில், எரிகோவின் சாபத்தை எடுத்து ஓத வேண்டிய தேவை என்ன என்பதற்கு இந்த வாதத்தில் நிறைவான விடை இல்லை.

ஆன்மா அழியுமா?

கடுமைக்குக் காரணம் தேடியவர்களில் ஸ்டீவன் நாட்லர் தனித்து நிற்கிறார். 2001இல் வந்த நூலில் அவர் சொல்வது: விலக்குக்குப் பின்னால் இருந்த கருத்து, தனிமனித ஆன்மா சாகாமல் தொடரும் என்பதை மறுத்ததே. கடவுளைப் பற்றிய திரிபுகளை விட்டுவிட்டு இதை ஏன் பிடிக்க வேண்டும்? யூத மரபில் பொதுவாக இந்த விஷயத்தில் பிடிவாதம் குறைவு என்றாலும், ஆம்ஸ்டர்டாம் சபைக்கு அது ஆறாத புண். தலைமுறைகளாகக் கட்டாயத்தின்பேரில் கத்தோலிக்கராக வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் விட்டுவந்த உறவினர்கள் சிலுவைக்கு முன் மண்டியிட்டபடியே இறந்துபோனால் அவர்களுக்கு மறுமை உண்டா என்பது அங்கே ஏட்டுக்கேள்வி அல்ல. 1630களில் நித்திய தண்டனை பற்றி மொர்டேராவும் ரபி அபோவாபும் மோதிக்கொண்டார்கள். மெனசே பென் இஸ்ரயேல் 1651இல் ஆன்மாவைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார்.

ஊரியேல் த கொஸ்தாவின் கதையும் எல்லோர் நினைவிலும் இருந்தது. போர்த்தோவில் கிறித்தவராக வளர்ந்து யூதத்துக்குத் திரும்பிய அவர், விவிலியத்தில் ஆன்மாவின் அழியாமைக்கு ஆதாரம் இல்லை என்று எழுதி விலக்கப்பட்டார். கடைசியில் பணிந்து திரும்பியபோது தொழுகைக்கூடத்தில் 39 கசையடி பட்டு, வாசற்படியில் கிடக்க, சபையார் அவரைத் தாண்டிச் சென்றதாக அவருடைய பெயரில் உள்ள தன்வரலாறு கூறுகிறது. 1640இல் தற்கொலை செய்துகொண்டார். ஸ்பினோசாவுக்கு அப்போது ஏழு வயது.

நாட்லரின் வாதம் சூழலோடு பொருந்துகிறது. மாட்ரிட் சாட்சியமும் லூக்காஸின் கதையும் துணை நிற்கின்றன. சிக்கல், அவர் ‘அறவியல்’ நூலிலிருந்து பின்னோக்கி நடப்பதில் இருக்கிறது. அந்த நூலின் ஐந்தாம் பகுதி, மனம் உடலோடு முற்றாக அழிவதில்லை, நித்தியமான ஏதோ ஒன்று எஞ்சுகிறது என்று சொல்லி வாசகர்களை இன்றுவரை திணறவைக்கிறது. எஞ்சுவது தனி ஆளல்ல, அறிவின் கூறு மட்டுமே என்பது நாட்லரின் வாசிப்பு. இன்னும் ஏதோ இருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். தெளிவில்லாத பிற்கால நூலைக்கொண்டு மௌனமான முற்காலத் தீர்மானத்தை விளக்குவது துணிச்சலான செயல். ஆனால் 1661 கோடையில் லண்டனிலிருந்து வந்த ஓல்டன்பர்க், ரைன்ஸ்பர்க் கிராமத்தில் ஸ்பினோசாவோடு கடவுளைப் பற்றியும் உடலும் மனமும் இணைந்திருப்பதைப் பற்றியும் பேசியிருக்கிறார் என்பது அவர்களுடைய கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஐந்தே ஆண்டுகளில் அவ்வளவு முதிர்ந்த சிந்தனை 1656இல் முளைவிட்டிருக்கவே இல்லை என்பதை நம்புவது அதைவிடக் கடினம்.

நகரத்தின் பார்வை

சபை தனக்காக அல்ல, நகர ஆட்சியாளர்களுக்காக அவரை வெட்டிவிட்டது என்பது இன்னொரு விடை. 1616இல் நகரம் விதித்த நிபந்தனைகளில் கிறித்தவ மதத்தைத் தாக்கிப் பேசவோ எழுதவோ கூடாது என்பது ஒன்று. 1656இல் தெகார்த்தின் தத்துவம் பல்கலைக்கழகங்களில் பெரும் சர்ச்சையாகி, ஹாலந்து அரசே அந்த ஆண்டு தலையிட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நாத்திகருக்கு இடம் கொடுத்தவர்கள் என்ற பெயரை விருந்தாளிச் சமூகம் விரும்பாது. நியாயமான ஊகம். ஆனால் நகர அதிகாரிகள் கேட்டார்கள், எச்சரித்தார்கள் என்பதற்கு ஒரு தாளும் கிடைக்கவில்லை. அச்சம் உள்ளூர இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் இதில் போக முடியாது.

மன்னிப்புக் கேட்காதவர்

யோசெப் கப்ளானின் ஆய்வுகள் கேள்வியையே சற்று நகர்த்திவைத்தன. 1620களிலிருந்து 1680கள்வரை இந்தச் சமூகம் விலக்கியது ஏறக்குறைய நாற்பது பேரை. அஷ்கெனாசி யூதரிடம் இறைச்சி வாங்கியது, அனுமதியின்றி நூல் அச்சிட்டது, வேறு இடத்தில் தொழுகை நடத்தியது, தகாத உறவு என்று காரணங்கள் பல. யூத வாழ்வையே புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த மக்களைக் கட்டுக்குள் வைக்க உதவிய கருவி அது. நம் ஊர்களில் அபராதம் கட்டிக் காலில் விழுந்தால் ஊர்விலக்கு நீங்குவதைப் போலத்தான், அங்கும் பெரும்பாலோர் வருத்தம் தெரிவித்துத் திரும்பிச் சேர்ந்தார்கள். திரும்பாமல் போனவர்கள் விதிவிலக்கு.

இங்கே பிராடோவை மறுபடியும் பார்க்க வேண்டும். அவரும் 1656 கோடையில் விசாரணைக்கு ஆளானார். அவர் மேடையேறித் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்பு வாசித்தார். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பதிவும் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே பேச்சு, ஒரே காலம், ஒரே நிர்வாகம். ஒருவர் உள்ளே நீடிக்கிறார், 1658 பிப்ரவரிவரை. மற்றவர் வெளியே போகிறார். வேறுபாடு கருத்தில் இல்லை, பணிவில் இருக்கிறது என்று இதிலிருந்து சொல்லத் தோன்றுகிறது. சபையை விட்டு விலகத் தமக்கும் விருப்பமே என்ற தொனியில் ஸ்பினோசா பதில் சொன்னதாக லூக்காஸ் எழுதுவதை நம்பினால், அவர் திரும்பும் எண்ணமே இல்லாமல் இருந்தார். இந்தப் பார்வையின் குறை, அது நடைமுறையை விளக்கும் அளவுக்கு உள்ளடக்கத்தை விளக்காதது. எதற்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தீராதவை

மேலே பார்த்த விடைகளை இரண்டு கேள்விகளாகப் பிரித்துவிட்டால் பூசலின் பாதி அடங்கும் என்று கருதலாம். ஏன் அந்த ஜூலையில் என்பதற்குக் கடன் வழக்கு இதுவரை கிடைத்ததில் நல்ல விடை. ஏன் அவ்வளவு கடுமையாக என்பதற்குக் கருத்தும், மன்னிப்புக் கேட்க மறுத்ததும் சேர்ந்து விடையாகின்றன. கருத்துகளில் எது முன்னால் நின்றது என்பதில் ஆன்மாவுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் மோசேயின் சட்டம் இறைவன் தந்ததல்ல என்பதும் அதே சாட்சியத்தில் இருப்பதால் ஒன்றை மட்டும் தேர்வுசெய்யச் சான்று போதாது. தினப்படி அனுசரிப்பையே அடித்தளமாக்கிக்கொண்ட சமூகத்துக்குச் சட்டத்தை மறுப்பது ஆன்மாவின் அழியாமையை மறுப்பதைவிடச் சிறிய அதிர்ச்சியாக இருந்திருக்காது.

விலக்கை நீக்கும் முயற்சிகள் தனிக்கதை. 1927இல் யோசெப் கிளவுஸ்னர் ஜெருசலேமில் அது செல்லாது என்று அறிவித்தார். 1950களில் பென் குரியோன் குரல் கொடுத்தார். 2015இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி விவாதித்தும் நீக்கவில்லை. 2021இல் ஸ்பினோசா பற்றிய படப்பிடிப்புக்காக அனுமதி கேட்ட பேராசிரியர் யிட்ஷாக் மெலமெதை அங்குள்ள ரபி உள்ளே வரக்கூடாதவர் என்று அறிவிக்க, சபை நிர்வாகம் அதிலிருந்து விலகி நின்றது. 1656இல் நடந்தது என்ன என்பதற்கு இவற்றால் புதிய வெளிச்சம் ஏதும் கிடைக்கவில்லை.

கிடைக்கக்கூடிய இடங்கள் இரண்டு. சபையை விட்டு விலகியதை நியாயப்படுத்தி ஸ்பினோசா ஸ்பானிய மொழியில் ஒரு தன்விளக்கம் எழுதினார் என்று பேல் குறிப்பிடுகிறார். அது கிடைக்கவில்லை. அதன் பகுதிகள் ‘இறையியல்-அரசியல் ஆய்வுரை’யில் கரைந்திருக்கின்றன என்ற ஊகத்தைச் சோதிக்கவும் வழியில்லை. ஆனால் இத்தகைய தாள்கள் தொலைந்தே போய்விட்டன என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். த கொஸ்தாவின் எரிக்கப்பட்ட நூலின் ஒரு பிரதி கோபன்ஹேகன் நூலகத்தில் அகப்பட்டது. ‘அறவியல்’ நூலின் கைப்பிரதி ஒன்று 2010இல் வத்திக்கானில் அகப்பட்டது. இரண்டாவது இடம் ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தின் நோட்டரி பதிவேடுகள். கிலோமீட்டர் கணக்கில் நீளும் அந்த அடுக்குகளுக்கு இப்போதுதான் பெயர்வாரியான அட்டவணை உருவாகிவருகிறது. மிகேல் யாருக்கெல்லாம் கடன்பட்டிருந்தார், அவர்களில் எத்தனை பேர் 1656இல் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவற்றிலிருந்து கணக்கிட முடிந்தால், ஃப்ளெசிங்கின் வாதம் நிற்குமா விழுமா என்பதாவது தெரிந்துவிடும்.